மேல் பொத்தான்

லீலண்ட் ட்ரைலிங் வந்து நின்றபோது டெல்மர் வாசிங்கர் தன் கொட்டகையில் பழைய டிராக்டர் ஒன்றின் கார்புரேட்டரைக் கழற்றி மேஜை முழுக்கப் பரப்பி வைத்திருந்தார். லீலண்ட் தன் வண்டியின் பின்பக்கத்திலிருந்து, மெத்தைப் போர்வையில் சுற்றிய நீளமான ஒன்றை இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு வந்தார். தூங்குகிற பிள்ளையைத் தூக்கி வருவது போலிருந்தது. வாசிங்கர் கார்புரேட்டர் துண்டுகளை ஒதுக்கி இடம் செய்தார்.

"நோலனோட ராக்கெட்," என்றார் லீலண்ட். "மிச்சம் இருக்கறது இவ்ளோதான். நீங்க பாக்கணும் டெல்மர்."

வாசிங்கர் ஓய்வு பெறும்வரை எரிந்த வீடுகளுக்குள் நுழைந்து தீ எங்கே தொடங்கியது என்று கண்டுபிடிப்பதையே வேலையாக வைத்திருந்தவர். அமெரிக்காவின் கான்ஸாஸ் மாநிலத்து மேற்குப் பக்கத்தில் ஒரு களஞ்சியம் தீப்பிடித்தாலும் இன்றும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். கொட்டகையின் இன்னொரு மூலையில் ராக்ஸான் ஃபைஃபர் இருந்தாள். பள்ளியில் வேதியியல் ஆசிரியை, ஊர் ராக்கெட் கிளப்பின் செயலாளர். வாசிங்கரின் துளைக்கருவியை இரவல் வாங்கிப் போக வந்தவள், இப்போது போவதாக இல்லை.

நடந்தது மூவருக்குமே தெரியும். பிப்ரவரியில் சாலையில் உறைந்திருந்த பனியில் கார் சறுக்கி லீலண்டின் ஒரே மகன் நோலன் இறந்துபோனான். அவன் கட்டி முடித்த பெரிய ராக்கெட் வீட்டு நிலவறையில் நின்றது. "நான் செத்தா என்னை இதுல வெச்சு மேல அனுப்பிருங்க" என்று ஒரு நாள் சாப்பிடும்போது சொல்லிச் சிரித்திருந்தான். லீலண்ட் அதையே உயிலாக எடுத்துக்கொண்டார். மகனின் சாம்பலைத் தகர டப்பா ஒன்றில் அடைத்து, நோலனின் உற்ற நண்பன் கோல்ட்டர் அதை ராக்கெட்டுக்குள் பொருத்தினான். போன சனிக்கிழமை, மேய்ச்சல் நிலத்தில், ஊரே கூடி நிற்க ஏவினார்கள்.

இந்த ராக்கெட்டுகளின் முதுகில் மேலும் கீழுமாக இரண்டு பொத்தான்கள் இருக்கும்; குழாய்க்குள் ஒட்டிய மரக்கட்டையில் அவை திருகாணியால் முறுக்கப்பட்டிருக்கும். அலுமினியக் கம்பத்தில் ஓடும் பள்ளத்துக்குள் அவை வழுக்கிக்கொண்டு போகும். ராக்கெட் வேகம் பிடிக்கும்வரை அதை நேராகப் பிடித்து வைத்திருப்பது அந்த இரண்டு பொத்தான்கள்தான். அன்று கம்பத்தில் பாதி ஏறுவதற்குள் மேல் பொத்தான் பிடுங்கிக்கொண்டது. காற்று ராக்கெட்டைச் சாய்த்தது. சாய்ந்தபடியே அது சீறிப் புறப்பட்டு, தாழப் பறந்து, தூரத்தில் மேஜையருகே நின்று எண்ணிக்கை சொல்லிக்கொண்டிருந்த கோல்ட்டரின் காலில் மோதியது. விச்சிட்டா மருத்துவமனையில் அவனுடைய வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

"வர்ற சனிக்கிழமை கிளப்புல கூடி முடிவு சொல்லப் போறாங்க," என்றார் லீலண்ட். "ரெண்டுல ஒண்ணுதானாம். நோலன் உள்ள ஒட்டுனது விட்டுப் போயிருக்கணும். இல்ல, டப்பாவ உள்ள வெச்சப்ப கோல்ட்டர் கடைசியா முறுக்குன ஸ்க்ரூ சரியில்லாம இருந்திருக்கணும். எதுன்னு எனக்குத் தெரியணும்."

"கோல்ட்டர் என்ன சொல்றான்?" என்று வாசிங்கர் கேட்டார்.

"அவன்தான்னு சொல்றானாம்."

"சொல்றானாமா? நீங்க போய்ப் பாக்கலையா?" என்றாள் ராக்ஸான்.

லீலண்ட் தன் தொப்பியைக் கழற்றி அதன் உள்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் போனபிறகு ராக்ஸானுக்கு இருப்புக்கொள்ளவில்லை. "சந்தேகமே இல்ல. ஒட்டுனதுதான் விட்டுருக்கு. உள்ள மரக்கட்டைய வெச்சு ஒட்டும்போது குழாயத் தேய்ச்சுச் சொரசொரப்பாக்காம ஒட்டியிருப்பான். நான் எத்தன பேருக்கு சொல்லியிருக்கேன்!"

"டீச்சர், பரீட்சைத்தாளப் பிரிக்கறதுக்கு முன்னாடியே மார்க் போடாதீங்க," என்றார் வாசிங்கர். "அந்த டார்ச்சப் புடிங்க."

பல் மருத்துவர் வைத்திருப்பது போன்ற சிறிய கண்ணாடியை உடைந்த குழாய்க்குள் விட்டு அவர் வெகுநேரம் பார்த்தார். பிறகு அவளைப் பார்க்கச் சொன்னார். குழாயின் உள்சுவரில் மரக்கட்டை அப்படியே ஒட்டியிருந்தது. ராக்ஸான் ஸ்க்ரூ டிரைவரால் அதை நெம்பிப் பார்த்தாள். அசையவில்லை. கட்டையின் பின்புறம் பதித்திருந்த நட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

"சரி, நோலன் மேல தப்பில்ல," என்று அவள் தலையைச் சொறிந்தாள். "அப்ப கோல்ட்டர்."

"நட்டுக்குள்ள என்ன நிறம் தெரியுது?"

"வெளி ஓரத்துல பளபளன்னு சிராய்ச்சிருக்கு. உள்ளே ஆழத்துல... நீலமா ஏதோ காஞ்சு கெடக்கு."

"கீழ்ப் பொத்தான் இன்னும் உடம்புலதான் இருக்கு. அதக் கழட்டுங்க."

கீழ்ப் பொத்தானின் திருகாணி எளிதில் வரவில்லை. கடைசியில் வந்தது நீளமான கறுப்புத் திருகாணி; அதன் நுனிவரை அதே நீலப் பசை பூசியிருந்தது. அதிர்ச்சியில் கழலாமல் இருக்க நோலன் எல்லாத் திருகாணிக்கும் அந்தப் பசையைப் போடுவான் என்பது கிளப்பில் எல்லோருக்கும் தெரியும். பிடுங்கிக்கொண்ட மேல் பொத்தான் கம்பத்தின் பள்ளத்திலேயே சிக்கிக் கிடந்தது. கிளப் அதை எடுத்து ஒரு பிளாஸ்டிக் உறையில் பத்திரப்படுத்தி லீலண்டிடம் கொடுத்திருந்தது. வாசிங்கர் உறையைக் கவிழ்த்தார். பொத்தானோடு வந்த திருகாணி வெள்ளியாய் மின்னியது. கறுப்பை விடக் குட்டை. பசையின் தடமே இல்லை.

"கோல்ட்டர் தப்பான ஸ்க்ரூவப் போட்டுட்டான்," என்றாள் ராக்ஸான். வெற்றிக் களிப்பு தொடங்கிய இடத்திலேயே அவள் குரல் உடைந்தது. "ஐயோ பாவம். உயிரா இருந்தாங்க ரெண்டு பேரும்."

"அப்ப அந்த நீலம் நட்டோட ஆழத்துக்கு எப்படிப் போச்சு?" என்று வாசிங்கர் கேட்டார்.

மறுநாள் பிற்பகல் இருவரும் ட்ரைலிங் பண்ணை வீட்டுக்குப் போனார்கள். ராக்கெட் நின்ற நிலவறையை லீலண்ட் காட்டினார். துணி துவைக்கும் இயந்திரம், தரையில் தண்ணீர் போகும் ஓட்டை, வெறுமையான ஒரு வேலை மேஜை. சுவரில் கருவிகள் மாட்டியிருந்த இடங்கள் மட்டும் வெளிறித் தெரிந்தன.

"அவன் சாமான் எல்லாம் எங்க?" என்றார் வாசிங்கர்.

"வசந்தத்துலயே கோல்ட்டருக்குக் குடுத்துட்டேன். ஸ்க்ரூ, பசை, ஸ்பேனர், எல்லாம். அவனே வண்டி கொண்டாந்து ஏத்திட்டுப் போனான். கண்ணு முன்னாடி இருந்தா தாங்க முடியல."

"ராக்கெட்ட முடிச்சப்புறமா?"

"டப்பாவ உள்ள வெச்சு மூடுன அன்னிக்கேதான்."

மேலே சமையலறையில் லீலண்டின் மனைவி மார்லிஸ், கோஸும் கறியும் பொதிந்து சுட்ட பன்களைத் தட்டில் எடுத்து வைத்திருந்தாள். காபி ஊற்றினாள். இழுப்பறை ஒன்றின் அடிவிளிம்பில் விரல்களை மாட்டி இழுத்து, முள்கரண்டிகளை எடுத்தாள். உயரமான, பேச்சுக் குறைந்த பெண். ராக்ஸான் என்ன கேட்டாலும் ஒற்றைச் சொல்லில் பதில் வந்தது.

"ஞாயித்துக்கிழமை பூரா மழை," என்றார் லீலண்ட் ஜன்னலைப் பார்த்தபடி. "அந்த டப்பா வெடிச்சு எல்லாம் புல்லுல கொட்டிருச்சு டெல்மர். யாரும் தொடக்கூடாதுன்னு சொல்லிட்டேன். மழையில கெடந்தான் என் புள்ள, நனைஞ்சுக்கிட்டு."

"நனையல," என்றாள் மார்லிஸ்.

லீலண்ட் திரும்பிப் பார்த்தார்.

"கடவுள்கிட்ட இருக்கறவன் எங்க நனையப் போறான்," என்று சொல்லிவிட்டு அவள் காபிக் குடுவையை அடுப்பில் வைத்தாள். ராக்ஸான் கண்களைத் துடைத்துக்கொண்டாள். வாசிங்கர் பன்னை முழுவதும் சாப்பிட்டு, நன்றாயிருக்கிறது என்று சொல்லி எழுந்தார்.

அங்கிருந்து மேய்ச்சல் நிலத்துக்குப் போனார்கள். ராக்கெட் வந்து குத்திய இடத்தில் மண் கிளறியிருந்தது. டப்பாவின் மூடி புல்லில் கிடந்தது. அதன் விளிம்பில் வெள்ளையாய் ஏதோ அப்பிக் காய்ந்திருந்தது. ராக்ஸான் தொப்பியைக் கழற்றிக்கொண்டு அந்தப் பக்கம் பார்க்காமல் நின்றாள். வாசிங்கர் மட்டும் முழங்காலிட்டு உட்கார்ந்தார். புல்லின் அடியில் எறும்புகள் சாரை சாரையாக வெள்ளைத் துணுக்குகளைச் சுமந்து போய்க்கொண்டிருந்தன. அவர் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்தபோது முகம் கறுத்திருந்தது.

"என்ன ஆச்சு?"

"நான் இந்த வேலைய ஒத்துக்கிட்டிருக்கக் கூடாது டீச்சர்," என்றார். "வண்டியத் திருப்புங்க. அந்த வீட்டுக்கே போவோம்."

மறுபடியும் அதே சமையலறை. லீலண்டும் மார்லிஸும் மேஜையின் எதிரெதிர்ப் பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். வாசிங்கர் இரண்டு திருகாணிகளையும் மேஜைத் துணியின் மீது அருகருகே வைத்தார்.

"லீலண்ட், நீங்க கேட்டது ரெண்டு கேள்வி. முதல்ல நோலன். அவன் ஒட்டுன கட்ட அப்படியே இருக்கு. பத்து பேரு தொங்கலாம் அதுல. உங்க பையன் கட்டுனதுல ஒரு குத்தமும் கெடையாது."

லீலண்ட் மூச்சை வெளியே விட்டார். "அப்ப கோல்ட்டர்தான்."

"பொறுங்க. இந்தக் கறுப்பு ஸ்க்ரூ கீழ இருந்தது. இந்த வெள்ள ஸ்க்ரூ மேல இருந்தது. மரை ஒண்ணுதான், நட்டுல ஏறும். ஆனா நீளம் பத்தல. கட்டையத் தாண்டி நட்டுல ரெண்டு சுத்துதான் புடிச்சிருக்கு. காத்து தள்ளுனதும் அந்த ரெண்டு சுத்தும் சிராய்ச்சுக்கிட்டு வெளிய வந்துருச்சு. இதப் போட்டவன் கோல்ட்டரா? அவன்கிட்ட நோலனோட கறுப்பு ஸ்க்ரூ டப்பா நெறைய இருந்துச்சு. அத விட்டுட்டு எதுக்கு இதத் தேடிப் போட்டான்? இன்னொண்ணு. நட்டோட ஆழத்துல நீலப் பசை காஞ்சிருக்கு. இந்தக் குட்டை ஸ்க்ரூ அந்த ஆழத்துக்குப் போகவே போகாது. அப்ப முன்னாடி நீளமான ஒண்ணு, பசை போட்டு, கடைசி வரைக்கும் முறுக்கி இருந்திருக்கு. கோல்ட்டர் அவன் வேலைய நோலன் செய்யற மாதிரியே செஞ்சிருக்கான்."

"அப்புறம் யாரோ கழட்டியிருக்காங்க," என்றாள் ராக்ஸான் மெதுவாக.

"ஆமா. கோல்ட்டர் சாமான ஏத்திட்டுப் போனதுக்கப்புறம். சரியான ஸ்க்ரூ இல்லாத இடத்துல, கைக்குக் கெடச்ச ஒண்ணப் போட்டு மூடியிருக்காங்க."

"பொத்தானக் கழட்டி யாருக்கு என்னய்யா லாபம்?" லீலண்டின் குரல் உயர்ந்தது. "யாருக்கு என் பையன் மேல அவ்ளோ வன்மம்?"

"வன்மம் இல்ல லீலண்ட். பொத்தானுக்காக யாரும் அதக் கழட்டல. அந்த ஸ்க்ரூதான் உள்ள இருக்கற சாம்பல் டப்பாவையும் தாங்கிட்டிருந்துச்சு. அதக் கழட்டாம டப்பாவ எடுக்க முடியாது."

வாசிங்கர் காபிக் கோப்பையைக் கையில் எடுத்துக் குடிக்காமலே வைத்திருந்தார். ராக்ஸான் ஏதோ கேட்க வாயெடுத்து, அவர் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டாள்.

"நான்தான் லீலண்ட்," என்றாள் மார்லிஸ்.

அவர் அவளைப் புரியாமல் பார்த்தார்.

"அவன மண்ணுல வைக்கணும்னு கேட்டேன். சாமியார் வந்து, பூசை வெச்சு, உங்கப்பா அம்மா பக்கத்துல. ரெண்டு தடவ கேட்டேன். அவன் சொன்னான், அவன் சொன்னான்னு நீ அதையே சொன்ன. சோத்து மேஜையில சிரிச்சுக்கிட்டு சொன்னதய்யா அது! நீ எங்கயோ போனப்ப கீழ போய் எடுத்துட்டேன். எடைக்கு எடை மாவு போட்டு வெச்சேன்."

"மாவா?" என்றார் லீலண்ட். "நான் வானத்துக்கு அனுப்புனது மாவா?"

"கழட்டும்போது அந்த ஸ்க்ரூ கைதவறி உருண்டு தண்ணி ஓட்டையில விழுந்துருச்சு. கம்பி விட்டுப் பாத்தேன், வரல." அவள் வாசிங்கர் பக்கம் திரும்பினாள். "இந்த இழுப்பறைக் கைப்பிடியோட ஸ்க்ரூவக் கழட்டிப் போட்டேன். சரியா ஏறுச்சு. இறுகவும் இறுகுச்சு டெல்மர். நல்லா இறுகுச்சே!"

"இறுகும்மா. ரெண்டு சுத்து புடிச்சாலும் இறுகும். கைக்கு வித்தியாசம் தெரியாது."

"அது சாஞ்சப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சு. கோல்ட்டர் கத்துனப்பவே. அப்பவே சொல்லியிருக்கணும். வாய் வரல. தினமும் நாளைக்கி நாளைக்கின்னு..." அவள் முடிக்கவில்லை.

"அவன் எங்க இருக்கான்?" என்று லீலண்ட் கேட்டார்.

"தையல் மிஷின் பெட்டிக்குள்ள. ஞானஸ்நானத்துக்குப் போட்ட சட்டையில சுத்தி வெச்சிருக்கேன்."

லீலண்ட் எழுந்தார். அந்த அறைக்குப் போகவில்லை. கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு வெளியே போய், மாடுகள் நின்ற வேலி ஓரம் வரை நடந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

வண்டியில் திரும்பும்போது ராக்ஸான்தான் பேச்சைத் தொடங்கினாள். "எப்பத் தெரிஞ்சுது உங்களுக்கு?"

"எல்லா இழுப்பறைக்கும் வெள்ளப் பீங்கான் கைப்பிடி இருக்கு. ஒண்ணுக்கு மட்டும் இல்ல. அப்பவே உறுத்துச்சு. அப்புறம் அந்தம்மா, நனையலன்னு சொன்னாங்க. கடவுள்னு அப்புறமாத்தான் சேத்துக்கிட்டாங்க. அப்பவும் நான் நம்ப விரும்பல." அவர் சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "எரிஞ்ச எலும்புச் சாம்பல எறும்பு எதுக்கு டீச்சர் தூக்கிட்டுப் போவுது? மாவுன்னா போவும்."

வேதியியல் தெரிந்தும் இவ்வளவு எளிமையான ஒன்று தன் கண்ணில் படாமல் போனது ராக்ஸானுக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. தொப்பியைக் கழற்றிக்கொண்டு மாவின் முன் தான் நின்றதுதான் மனதை விட்டு அகலவில்லை.

மறுநாள் காலை மார்லிஸ் அவளைத் தொலைபேசியில் கூப்பிட்டாள். விச்சிட்டாவுக்குக் கூட வர முடியுமா, கோல்ட்டரின் முன்னால் தனக்குப் பேச்சு வராவிட்டால் ராக்ஸான்தான் சொல்ல வேண்டும் என்றாள். லீலண்ட் வண்டியை ஓட்டினார்.

மருத்துவமனையில் மார்லிஸுக்குப் பேச்சு வந்தது. கட்டிலின் கால்மாட்டில், போர்வை தட்டையாகக் கிடந்த இடத்துக்கு எதிரே நின்று, ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். கோல்ட்டர் கேட்டுக்கொண்டிருந்தான். தாடி வளர்ந்து, கன்னம் ஒட்டிப்போயிருந்தான்.

"கண்ண மூடுனா அந்த ஸ்க்ரூதான் மார்லிஸ் அம்மா," என்றான் கடைசியில். "திரும்பத் திரும்ப முறுக்கிட்டே இருந்தேன். எந்த எடத்துல தப்பு பண்ணேன்னு. பசை போட்டது ஞாபகம் இருக்கு. கையில நீலம் ஒட்டுனது ஞாபகம் இருக்கு. ஆனா எல்லாரும் நான்னு சொன்னப்ப, எனக்கே சந்தேகம் வந்துருச்சு. ஏவற அன்னிக்கு சோதிச்சதும் நான்தான். ஒரு இழு இழுத்துப் பாத்தேன். அவ்ளோதான். அவனோட ராக்கெட்டாச்சே, கண்ணு நெறஞ்சு ஒண்ணும் தெரியல."

"மன்னிச்சிருன்னு கேக்க வரல," என்றாள் மார்லிஸ். "நீ இல்லன்னு சொல்ல வந்தேன்."

"கொஞ்சம் வெளிய இருங்க," என்றான் அவன். கடுமையாகச் சொல்லவில்லை. "லீலண்ட் மட்டும் இருக்கட்டும்."

ராக்ஸான் மார்லிஸைத் தோளோடு அணைத்து வெளியே கூட்டி வந்தாள். கதவு முழுதும் சாத்தவில்லை. உள்ளே பேசுவது கேட்டது.

"நீங்க ஏன் என்னப் பாக்க வரல?" என்றான் கோல்ட்டர்.

"நீதான்னு நெனச்சேன்."

"அதான் எல்லாரும் நெனச்சாங்களே. எங்க பாட்டி கூட நெனச்சுது. அவங்கெல்லாம் வந்தாங்க."

லீலண்டின் குரல் கேட்டது, அவருடையதா என்று சந்தேகம் வரும்படி.

"நெனச்சது மட்டும் இல்லடா. நீயா இருக்கணும்னு வேண்டிக்கிட்டேன். தினம் வேண்டிக்கிட்டேன். என் பையனா இருந்துறக் கூடாது, இவனா இருக்கட்டும்னு. நீ இங்க இப்படிக் கெடக்கறப்போ."

ராக்ஸான் மார்லிஸின் கையைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. அதன்பின் ஒரு ஆண் அழும் சத்தம். யார் என்று அவர்கள் எட்டிப் பார்க்கவில்லை.

சனிக்கிழமை கிளப் கூட்டத்தில் வாசிங்கர் மூன்று நிமிடம்தான் பேசினார். நோலன் ஒட்டியது சரி, கோல்ட்டர் முறுக்கியது சரி, பிறகு வேறொரு திருகாணி மாறியிருக்கிறது என்றார். யார் என்று சொல்லாமல் உட்கார்ந்தார். கடைசி வரிசையில் இருந்த மார்லிஸ் எழுந்து தானே சொன்னாள்.

நவம்பரில் நோலனை மண்ணில் வைத்தார்கள். குழியை லீலண்ட் தானே வெட்டினார். மனைவியோடு அவர் மறுபடி பேசத் தொடங்கியிருந்தார். மாடு, விறகு, வரப்போகும் பனி, அவ்வளவுதான் பேச்சு. கோல்ட்டர் வரவில்லை. அன்று அவனுக்குச் செயற்கைக் காலுக்கு அளவெடுத்தார்கள்.

வசந்தத்தில் கிளப் மறுபடியும் மேய்ச்சல் நிலத்தில் கூடியது. ஏவும் முன் ராக்கெட்டுகளைச் சரிபார்க்கும் சோதனை மேஜையில் யார் உட்காருவது என்று கேட்டபோது, நான் உட்காருகிறேன் என்று கோல்ட்டர் சொன்னான். ஒரே ஒரு புதிய விதி வேண்டும் என்றான். இழுத்துப் பார்ப்பது போதாது. ராக்கெட்டை மேல் பொத்தானை மட்டும் பிடித்துத் தூக்க வேண்டும். முழு எடையோடு அது தொங்க வேண்டும். யாரும் எதிர்க்கவில்லை.

லீலண்ட் அவனுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு, வருகிறவர்களிடமிருந்து ராக்கெட்டை வாங்கி அவனிடம் கொடுத்துக்கொண்டிருந்தார். மார்லிஸ் வேலிக்கு வெளியே வண்டியருகே நின்றாள். அவள் உள்ளே வரவில்லை. கோல்ட்டர் அந்தப் பக்கம் பார்க்கவும் இல்லை, பார்க்காமல் இருக்கப் பாடுபடவும் இல்லை.

முதல் ராக்கெட் கனமானது. அவன் புதிய காலை ஊன்றி எழுந்து நின்று, மேல் பொத்தானை இரண்டு விரலால் பற்றித் தூக்கினான். அது காற்றில் மெல்ல ஆடியது. வரிசையில் நின்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். அவன் அதை இறக்கவில்லை.

"போதும் கோல்ட்டர்," என்றாள் ராக்ஸான் தாழ்ந்த குரலில். "நல்லாத்தான் இருக்கு. எறக்கு."

"இருக்கட்டும் டீச்சர்," என்றான் அவன், கண்ணைப் பொத்தானிலிருந்து எடுக்காமல். "இன்னும் கொஞ்சம் இருக்கட்டும்."